மலையகத்துப் பல்கலைக்கழக மாணவருக்கு மனநல உதவி: எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எதில் கவனம் வேண்டும்

பேராதனை, பதுளை ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயா சப்ரகமுவ ஆகிய பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்களுக்காகவும், வேறு ஊரில் படித்தாலும் விடுமுறைக்கு ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீடு திரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். உதவி இருக்கிறது, அதில் பெரும்பகுதி இலவசம். ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருவர் இருக்கிறார். யாரிடம் எதற்குப் போவது என்று தெரியாததால் பலர் ஒரு செமஸ்டரையே இழக்கிறார்கள். சரியான நாளில் ஒரு காகிதம் வாங்கி வைத்திருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அடுத்த பகுதியை மட்டும் படியுங்கள்.

இப்போதே ஆபத்து என்றால்

உங்களுக்கோ உங்கள் அறையில் இருக்கும் ஒருவருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வலுத்திருந்தால், அல்லது ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் கிடையாது. அழைப்பில் நேரம் வீணாவது பெரும்பாலும் இடம் சொல்வதில்தான். விடுதியாக இருந்தால் பீடத்தின் பெயர், விடுதியின் பெயர், எந்த நுழைவாயில் என்று சொல்லுங்கள். தோட்டமாக இருந்தால் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வாகனம் எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். லயத்தடிக்கு வண்டி வராது என்றால் டோச் லைட்டோடு ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள்.

அம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். கழிவறைக்குப் போனாலும் கதவைப் பூட்ட விடக்கூடாது. அறையிலும் வீட்டிலும் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து, களைநாசினி எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். எதையாவது உட்கொண்டிருந்தால், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். சில நஞ்சுகளின் விளைவு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். போத்தலையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுபோனால் வைத்தியருக்குப் பெரிய உதவி.

பேச ஒருவர் வேண்டும் என்றால் 1926. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் இது, 24 மணிநேரமும் இயங்குகிறது. 1333 இன்னொரு இலவச ஆலோசனை இலக்கம். இரண்டிலும் முதல் வார்த்தையாக "தமிழ்ல பேசணும்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் பேசுகிறவர் அந்த நேரம் வேறு அழைப்பில் இருந்தால், எத்தனை நிமிடத்தில் திரும்ப எடுக்கலாம் என்று கேளுங்கள். ஒரு தடவை கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், உடனே மற்ற இலக்கத்தை எடுங்கள்.

பொலிஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஆட்களை மறைத்து வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு முதல் இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. வைத்தியசாலைப் பொலிஸார் வந்து விவரம் கேட்கலாம், ஆனால் அதற்காக யாரையும் சிறையில் போட முடியாது.

1. அரைப் பக்கம் எழுதுங்கள்

எங்கே போனாலும் முதல் கேள்வி "என்ன பிரச்சினை?" என்பதுதான். அந்த நேரத்தில் பேச்சு வராது. அதனால் முதல் நாள் இரவே அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்போதிருந்து இப்படி இருக்கிறது, இரவில் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், சாப்பாடு எப்படி, எந்த விரிவுரைகளுக்குப் போகவில்லை, முன்பு பிடித்திருந்த எது இப்போது பிடிக்கவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, மது, சிகரெட், வேறு ஏதாவது பாவிக்கிறீர்களா. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

கவலை, வெறுமை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, படிப்பையும் தூக்கத்தையும் குழப்பினால், அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய நிலை. இல்லாத குரல் கேட்பது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பல நாள் தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு திரிவது போன்றவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போகலாம்.

இங்கே பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. நம் ஆட்கள் மனக் கஷ்டத்தை உடம்பின் வழியாகச் சொல்லிப் பழகியவர்கள். "நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் எரியுது, சாப்பிட முடியல." வெளிநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். இதை மட்டும் சொன்னால் கேஸ்ட்ரிக் மாத்திரையும் பெனடோலும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதமும் அதையே சொல்ல, அதே மாத்திரை கிடைக்கும். ஆகவே மனதைப் பற்றிய வரியை முதலில் சொல்லுங்கள்: "மனசு சரியில்ல, ரெண்டு வாரமா நித்திரை இல்ல, படிக்க முடியல, மனநல டொக்டரப் பாக்கணும்." உடம்பு வலியை அதற்குப் பிறகு சொல்லலாம். ரத்தசோகை, தைராய்டு போன்றவையும் இதே மாதிரிச் சோர்வைத் தரும் என்பதால் வைத்தியர் ரத்தப் பரிசோதனை எழுதினால் செய்துகொள்ளுங்கள்.

2. பல்கலைக்கழகத்துக்குள் யார் எதற்கு

மாணவர் ஆலோசகர் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அவர் உளவியல் படித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் ஒரு விரிவுரையாளர். கற்பித்தலோடு சேர்த்து இந்தப் பொறுப்பும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். விடுதி இடம், பணக் கஷ்டம், பகிடிவதை, ஒரு விரிவுரையாளரோடு தகராறு, வருகைக் குறைவு ஆகியவற்றுக்கு அவர்தான் சரியான ஆள். கடிதம் எழுதவும் பீடாதிபதியிடம் பேசவும் அவரால் முடியும். ஆழமான மனச்சோர்வுக்கு வாரா வாரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சையை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்தச் சிகிச்சைக்கு, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா என்று மாணவர் நலன்புரிப் பிரிவிலோ சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணி, தமிழ் பேசுவாரா, முன்பதிவு வேண்டுமா என்ற நான்கையும் ஒரே தடவையில் கேட்டுவிடுவது நல்லது. ஒரு அமர்வு ஏறத்தாழ 45 நிமிடம் முதல் ஒரு மணிநேரம் வரை போகும். முதல் அமர்வு முழுக்கவே கேள்விகளாக இருக்கும். "ஒரு தடவை போனேன், ஒண்ணும் நடக்கல" என்று நிறுத்துகிறவர்கள் உண்மையில் தொடங்கவே இல்லை. நான்கு அமர்வாவது கொடுத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்து வைத்தியரை நோயில்லாத நாளிலேயே ஒரு தடவை போய்ப் பார்த்து வைப்பது வீண்போகாது. பரீட்சைக்கான வைத்தியச் சான்றிதழ் அவர் மேசையைத் தாண்டித்தான் பீடத்துக்குப் போக வேண்டும். பெரிய வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருபவரும் அவரே.

இரகசியம் பற்றி நேராகவே கேட்கலாம். "நான் சொல்றது உங்களோட இருக்குமா? யார் யாருக்குத் தெரியவரும்?" உளவளத்துணையாளரும் வைத்தியரும் பொதுவாக வெளியே சொல்லமாட்டார்கள். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டிவரும். மாணவர் ஆலோசகரின் நிலை சற்று வேறு. அவரே உங்கள் பாடத்துக்குப் புள்ளி போடுகிறவராகவோ ஒழுக்காற்று விசாரணையில் இருக்கிறவராகவோ இருக்கலாம். அப்படியென்றால் வேறு துறையைச் சேர்ந்த ஆலோசகரைத் தேடுங்கள். பீடத்து அறிவிப்புப் பலகையிலும் மாணவர் கையேட்டிலும் ஆலோசகர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கும். தமிழில் பேசக்கூடியவர் வேறு பீடத்தில் இருந்தாலும் அவருக்கு எழுதிக் கேட்கலாம். மின்னஞ்சலில் கதை எழுத வேண்டாம், மூன்று வரி போதும்: பெயர், பதிவிலக்கம், "தனிப்பட்ட விடயமாகத் தங்களைச் சந்திக்க விரும்புகிறேன், இந்த வாரம் எந்த நேரம் வரலாம்?" நோயைப் பற்றி மின்னஞ்சலில் எழுதாதீர்கள். அது யார் யாருக்கெல்லாம் அனுப்பப்படும் என்பது உங்கள் கையில் இல்லை.

3. பையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, எழுதி வைத்த அரைப் பக்கம், முன்பு குடித்த மருந்துகளின் துண்டு அல்லது அட்டை, பழைய கிளினிக் கொப்பி, ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம், பரீட்சை அட்டவணை. கடைசியாகச் சொன்னது எதற்கு என்று கேட்பீர்கள். மருந்தைத் தொடங்கும் நாளையும் அளவையும் வைத்தியர் அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். முதல் வாரத்தில் தூக்கக் கலக்கம் தரும் மருந்தைப் பரீட்சைக்கு முதல் நாள் தொடங்கத் தேவையில்லை.

கையில் கிடைக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் அன்றைக்கே போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். மலையக மழையில் பையோடு நனைந்து போன கிளினிக் கொப்பியை மீட்டெடுக்க முடியாது.

முகவரி விடயத்தில் கவனமாக இருங்கள். தோட்டங்களில் பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்கு வரும். வைத்தியசாலையிலிருந்து வரும் கடிதம் அந்த வழியே போவதை நீங்கள் விரும்பாவிட்டால், பதிவு செய்யும்போதே விடுதி முகவரியையும் உங்கள் சொந்தப் போன் இலக்கத்தையும் கொடுங்கள். அப்பாவின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

4. அரச வைத்தியசாலைக்குப் போகும் நாள்

பேராதனையில் படிக்கிறவர்களுக்குப் போதனா வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலை, பதுளை போதனா வைத்தியசாலை, நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை ஆகியவை அடுத்தவை. டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலைக்குப் போவதானால், உளநலக் கிளினிக் உண்டா, எந்த நாள் என்று முதலிலேயே போன் எடுத்துக் கேளுங்கள். பல இடங்களில் கிளினிக் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான். கேட்காமல் போய் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழக்கிற பெற்றோரை இன்றைக்கும் பார்க்கலாம்.

சுகாதார நிலைய வைத்தியரின் கடிதம் இருந்தால் நேரே உளநலக் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். கடிதம் இல்லையென்றால் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, மேலே சொன்ன வரியைச் சொல்லி, கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். காலை 7 மணிக்கெல்லாம் அங்கே இருப்பது நல்லது. 10 மணிக்குப் பிறகு போனால் இலக்கம் முடிந்திருக்கலாம், அல்லது பிற்பகல்வரை உட்கார வேண்டிவரும். அன்றைக்கு முழுநாளையும் ஒதுக்குங்கள், செய்முறை வகுப்பு உள்ள நாளைத் தெரிவு செய்யாதீர்கள்.

முதல் தடவை உங்களிடம் பேசுபவர் உளநல வைத்திய அதிகாரியாகவோ பயிற்சியில் இருக்கும் வைத்தியராகவோ இருக்கலாம். பிறகுதான் விசேட வைத்திய நிபுணர் பார்ப்பார். ஒரே கதையை இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டிவரும், அது வழமை. கிளம்பும் முன் அடுத்த தேதி கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

"அங்கொடைக்கு அனுப்பிருவாங்க" என்ற பயம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது (தேசிய மனநல நிறுவனம் இருக்கும் இடம் அது). கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் மருந்துத் துண்டோடு அன்றைக்கே வீட்டுக்குப் போகிறார்கள். வார்டில் தங்க வேண்டிய நிலை வந்தாலும் அது பொதுவாக அதே வைத்தியசாலையின் உளநலப் பிரிவில்தான்.

இரண்டு இடத்தில் கொப்பி வைத்துக்கொள்ளாதீர்கள். பேராதனையில் ஒரு வைத்தியர், விடுமுறையில் ஹட்டனில் இன்னொருவர் என்று போனால் இரண்டு பேரும் வெவ்வேறு மருந்து எழுதுவார்கள். வருடத்தில் அதிக மாதம் எங்கே இருப்பீர்களோ அங்கேயே பதியுங்கள். நீண்ட விடுமுறை வந்தால் அதுவரைக்குமான மருந்தைக் கேளுங்கள், கொடுக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்து வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். பல்கலைக்கழகம் திடீரென்று மூடப்பட்டு விடுதியை விட்டு வெளியேறச் சொல்லும்போதுதான் மருந்து அறுந்துபோகிறது. இரண்டு வார மருந்தாவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

5. தமிழில் பேச

மலையகத்தில் உளநலப் பிரிவுகளில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் அதிகம். மனதைப் பற்றித் தெரியாத மொழியில் பேசினால் பாதிதான் வெளியே வரும். பதியும் இடத்திலேயே கேளுங்கள். சிங்களத்தில் சொல்ல வேண்டுமானால்: "மட தெமளென் கதா கரன்ன புளுவன் கெனெக் இன்னவத?" இரண்டு வாரமாகத் தூக்கமில்லை என்பதற்கு: "சதி தெகக இந்தன் மட நிந்த யன்னே நே." கிளினிக்கைத் தேடும்போது "மானசிக ரோக சாயனய கொஹெத?" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

தமிழ் தெரிந்த தாதியரையோ உத்தியோகத்தரையோ வைத்தியர் அழைப்பார். வழியில் போகிற சிற்றூழியரை அழைத்தால், "வேற யாராவது இருந்தா நல்லம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. துணைக்கு ஆள் கூட்டிப் போவதானால், அதே பட்ச்சில் அதே விடுதியில் இருப்பவரைவிட, வெளியே இருக்கும் அக்கா, மாமா, நம்பிக்கையான ஆசிரியர் ஒருவர் நல்லது. அம்மாவை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். சாவைப் பற்றிய எண்ணம், காதல், உடல் சம்பந்தமான விடயம் எதையும் அம்மா முன்னால் சொல்லமாட்டீர்கள்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். கட்டணம் இல்லை. தமிழர் அதிகமாக வாழும் பிரதேசம் என்றால் தமிழ் பேசுகிறவர் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மருந்து தேவைப்படாத, பேசித் தீர்க்கக்கூடிய குடும்பப் பிரச்சினைகளுக்கு விடுமுறை நாட்களில் இது நல்ல வழி.

6. மருந்து தொடங்கினால்

மனச்சோர்வுக்கு எழுதும் புளுவொக்சற்றீன் போன்ற மருந்துகள் முழுமையாக வேலை செய்ய 2 முதல் 6 வாரம்வரை பிடிக்கும். பக்கவிளைவு மட்டும் முதல் நாளிலிருந்தே வரும்: குமட்டல், வயிற்றுப் போக்கு, தலையிடி, ஒருவிதப் பதற்றம். பலர் பத்தாம் நாளே "இது எனக்கு ஒத்துவரல" என்று நிறுத்துவது இதனால்தான். அந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். சாப்பிட்ட பிறகு காலையில் குடித்தால் குமட்டலும் தூக்கக் குழப்பமும் குறையும்.

25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்கு முதல் வாரங்களில் பதற்றமும் சாவு எண்ணமும் கூடலாம். மருந்து தொடங்கியது அறையில் இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அப்படி ஏதாவது நடந்தால் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

"குடிச்சா பழகிடும், வாழ்க்கை முழுக்க விட முடியாது" என்பது இந்த வகை மருந்துகளுக்குப் பொருந்தாது. தூக்கத்துக்குக் கொடுக்கும் டயசெபாம் வகைக்குத்தான் அடிமையாகும் அபாயம் உண்டு, அதை வைத்தியர் சொன்ன நாளைத் தாண்டிக் குடிக்கக்கூடாது, நண்பருக்குக் கொடுக்கவும் கூடாது. நன்றாக ஆனதும் மனச்சோர்வு மருந்தை உடனே நிறுத்தாதீர்கள். குணமான பின்னும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். சாராயம் வேண்டாம்.

வைத்தியசாலை மருந்தகத்தில் ஒரு மருந்து இல்லாத நாட்கள் வரும். அப்போது வெளியே வாங்கத் துண்டு கேளுங்கள், அதில் வர்த்தகப் பெயரை விட மருந்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் விலை குறைந்த வகையை வாங்கலாம்.

7. பரீட்சையும் வைத்தியச் சான்றிதழும்

மாணவர் அதிகம் இழப்பது இங்கேதான். பரீட்சைக்குப் போகாமல் விட்டு, சரியான சான்றிதழும் இல்லையென்றால், அடுத்த தடவை அது மீள் பரீட்சையாகக் கணக்காகும். பல பீடங்களில் மீள் பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது, வகுப்புச் சித்திக்கும் அது இடைஞ்சல். சான்றிதழ் ஏற்கப்பட்டால் அதே பரீட்சை முதல் தடவையாகவே கருதப்படும். உங்கள் பீடத்தின் விதி மாணவர் கையேட்டில் இருக்கும், இன்றைக்கே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. பரீட்சைக்குப் போக முடியாது என்று தெரிந்ததும், முடிந்தால் பரீட்சை தொடங்கும் முன்னரே, பீடத்து உதவிப் பதிவாளருக்கும் சுகாதார நிலையத்துக்கும் தெரியப்படுத்துங்கள். நீங்களே பேச முடியாத நிலை என்றால் ஒரு நண்பர் மின்னஞ்சல் அனுப்பட்டும். அன்றைக்கோ மறுநாளோ அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். சான்றிதழில் பெயர், பதிவிலக்கம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓய்வு என்பவை தெளிவாக இருக்க வேண்டும், பரீட்சை நாட்கள் எல்லாம் அந்தத் தேதிகளுக்குள் அடங்க வேண்டும். அதைச் சுகாதார நிலையத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரையும் தேதியும் உள்ள பிரதியை வாங்குங்கள். சமர்ப்பிக்கும் காலக்கெடு பீடத்துக்குப் பீடம் வேறுபடும், நாட்கணக்கில்தான் இருக்கும், வாரக்கணக்கில் நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

தவறுகிற இடங்கள் இவை. பரீட்சை மண்டபத்தில் போய் உட்கார்ந்து, கஷ்டமாக இருக்கிறது என்று பாதியில் எழுந்து வந்த பிறகு கொடுக்கும் சான்றிதழ் பெரும்பாலும் ஏற்கப்படாது. மண்டபத்தில் மயக்கமோ பதற்றத் தாக்குதலோ வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவர் எழுதிவைத்த பின் நேரே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தனியார் டிஸ்பென்சரியில் பின்தேதியிட்டு வாங்கிய சான்றிதழ் சந்தேகத்தையே கிளப்பும், போலி என்று தெரிந்தால் ஒழுக்காற்று விசாரணைவரை போகும். கிளினிக் கொப்பியில் மாதக் கணக்காகப் பதிவு உள்ள மாணவருக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் வராது, அதனால்தான் பரீட்சைக்கு முந்திய வாரம்வரை காத்திருக்காமல் கஷ்டம் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே கிளினிக்குக்குப் போகச் சொல்கிறோம்.

நோயின் பெயர் பீடத்துக்குத் தெரிய வேண்டாம் என்றால் சுகாதார நிலைய வைத்தியரிடம் சொல்லுங்கள். பீடத்துக்குத் தேவை ஓய்வுத் தேதிகளும் அவருடைய பரிந்துரையும்தான்.

வருகையும் இப்படித்தான். பல பாடங்களுக்கு 80 சதவீத வருகை கேட்பார்கள். கிளினிக் நாட்களின் தேதிகளைக் குறித்து, செமஸ்டர் நடுவிலேயே விரிவுரையாளரிடம் காட்டுங்கள். முழு செமஸ்டரும் முடியாது என்றால் படிப்பை இடைநிறுத்த அனுமதி கேட்கலாம். அதற்கு விண்ணப்பமும் வைத்தியப் பரிந்துரையும் வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் மட்டும் பதிவே இல்லாமல் போகலாம். இடைநிறுத்தும் காலத்தில் மஹபொல புலமைப்பரிசில் அல்லது உதவிப்பணம் என்னாகும், விடுதி இடம் காத்திருக்குமா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

8. செலவு

அரச வைத்தியசாலையில் பார்ப்பதும் மருந்தும் இலவசம், பஸ் காசும் சாப்பாடும்தான் செலவு. தனியாரில் நிபுணரைப் பார்க்க 225 அல்லது 990 என்ற தொலைபேசி இலக்கங்கள் ஊடாகச் சனல் செய்யலாம், அதாவது நேரம் பதிவு செய்யலாம். வைத்தியர் கட்டணத்தோடு வைத்தியசாலைக் கட்டணமும் சேரும், மருந்து வேறு. ஆக ஒரு தடவைக்குச் சில ஆயிரம் ரூபாய் போய்விடும், பதிவு செய்யும்போதே மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கையில் பணம் குறைவென்றால் தனியாரில் ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்துவதைவிட, அரச கிளினிக்கில் ஒரு வருடம் தொடர்ந்து போவது எவ்வளவோ மேல்.

உளவளத்துணையாளர் என்று யூடியூபிலும் முகநூலிலும் விளம்பரம் செய்கிறவர்களிடம் என்ன தகைமை, எங்கே பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

9. பகிடிவதை, வன்முறை

மனம் உடைந்ததற்குக் காரணமே இவையென்றால் மருந்து மட்டும் போதாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். நடந்த தேதி, இடம், யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள், செய்திகளின் ஸ்கிரீன்ஷொட்டை அழிக்காதீர்கள். பாலியல் அல்லது குடும்ப வன்முறை என்றால், பெரிய வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையத்துக்குப் போகலாம், சிங்களத்தில் மிதுரு பியச என்று பலகை இருக்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

10. வீட்டுக்குச் சொல்வது

லயத்து வீட்டில் தனியாகப் பேச இடமில்லை, ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். போனில் இரவில் சொல்லத் தொடங்காதீர்கள், வீட்டில் விடியும்வரை அழுகைதான். நேரில் போகும் நாளில், கோயிலுக்கோ கடைக்கோ நடந்து போகும் வழியில், ஒருவரிடம் மட்டும் முதலில் சொல்லுங்கள். நோயின் பெயரில் தொடங்க வேண்டாம். "நித்திரை வரல, டொக்டர் மருந்து குடுத்திருக்காரு, ரெண்டு மாசத்துல சரியாகும்னு சொன்னாரு, படிப்ப விடல" என்பது அம்மாவுக்கு விளங்கும். அவர்களுடைய பயம் படிப்பு போய்விடுமா, கல்யாணம் தடைப்படுமா என்பதில்தான் இருக்கும், அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள்.

திருநீறு போட வேண்டும், கோடங்கி பார்க்க வேண்டும் என்றால் சண்டை பிடிக்காதீர்கள். கோயிலுக்குப் போய்வாருங்கள், மருந்தை நிறுத்த மட்டும் சம்மதிக்காதீர்கள். அடித்துப் பேயோட்டுவது, பட்டினி போடுவது என்று பேச்சு எழுந்தால் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டாம். உறவினர் ஒருவர் வீட்டுக்கோ நேரே வைத்தியசாலைக்கோ போங்கள்.

முதலில் பார்த்த உளவளத்துணையாளரோடு பேச்சு ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் புதியவரின் நேரம் உறுதியாகும்வரை பழையவரின் அடுத்த தேதியை ரத்து செய்யாதீர்கள்.